பதினாலாம் மாடிக்கு வந்த தரை

கேளம்பாக்கத்தைத் தாண்டி, ஏரித் தண்ணீர் வெயிலில் தகரம் மாதிரி மின்னுகிற பக்கத்தில், இருபத்திரண்டு மாடி போகவேண்டிய கட்டடம் ஒன்று பதினாறு மாடி வரை எழும்பி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஆடி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொண்ணூற்றிரண்டு மஞ்சள் ஹெல்மெட்டுகள் லாரியில் வந்து இறங்கின. அன்று வரை அந்த இடத்தில் வேலை செய்த யாருடைய மனசும் வேலையை விட்டு எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று யாரும் கேட்டதில்லை, கேட்கவேண்டும் என்று தோன்றியதுமில்லை.

புது ஹெல்மெட்டுக்குள் நெற்றியைத் தொடுகிற மாதிரி ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. அந்தப் பட்டை மூளையைப் படிக்கும் என்றார் பாதுகாப்பு அதிகாரி டைட்டஸ். மார்த்தாண்டத்துக்காரர், இருபத்தேழு வயது, மீசையைப் பெரிதாக வைத்தால் வயது கூடித் தெரியும் என்று நம்பியவர். கவனம் வேலையில் இருந்தால் ஹெல்மெட்டின் முன்னால் பச்சை விளக்கு, களைப்பென்றால் மஞ்சள், மனசு அலைந்தாலோ பயந்தாலோ சிவப்பு. சிவப்பு எரிந்தால் உடனே கீழே இறங்கிவந்து கால் மணி நேரம் நிழலில் உட்காரவேண்டும். எல்லாம் தன் கையிலிருக்கிற டேப்லெட்டில் தெரியும் என்று அவர் தூக்கிக் காட்டினார்.

"உள்ள நினைக்கறது எல்லாம் தெரியுமா சார்?" என்று குழாய் வேலை பார்க்கும் கன்னியப்பன் கேட்டான்.

"நினைக்கியது தெரியாது. நினைப்பு வேற எடத்துக்குப் போவுதுன்னு மட்டும்தான் தெரியும்."

"அப்ப சரி" என்று கன்னியப்பன் நிம்மதியாக மாட்டிக்கொண்டான். அந்த நிம்மதி சரியாக நான்கு நாள் நீடித்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒன்பதாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒடிசாக்காரன் சுதர்சன் நாயக்கின் ஹெல்மெட்டில் சிவப்பு எரிந்தது, எரிந்த அதே நொடியில் அவன் பக்கத்தில் ஓர் எருமை நின்றது. கறுத்து, கொழுத்து, ஒரு கொம்பு உள்பக்கம் வளைந்த எருமை. அது சுற்றிலும் பார்த்தது, கம்பிக் கட்டை மோந்தது, பிடிக்கவில்லை என்று சாணி போட்டது. சுதர்சன் எழுந்து அதன் கழுத்தைத் தடவினான். தன் வீட்டு எருமை, பேர் காளி என்றான். யாரும் அலறவில்லை. அந்த மாடியில் பெரிய அலறலுக்கெல்லாம் நேரம் கிடையாது, மறுநாள் கான்கிரீட் போடவேண்டியிருந்தது. எப்படி வந்தது என்பதை விட எப்படி இறக்குவது என்பதுதான் பேச்சாக இருந்தது.

சாமான் ஏற்றுகிற லிப்டில் 'பன்னிரண்டு ஆட்கள் மட்டும்' என்று எழுதியிருந்தது. ஓர் எருமை எத்தனை ஆள் என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. எட்டு ஆள் என்று டைட்டஸ் தீர்ப்புச் சொன்னார், மீதி நான்கு இடத்தில் சுதர்சனும் மூன்று பேரும் ஏறி எருமைக்குத் துணையாக வந்தார்கள். அன்றைய படிவத்தில் 'உயரமான இடத்தில் காணப்பட்ட தேவையற்ற பொருட்கள்' என்ற கட்டத்தில் டைட்டஸ் 'எருமை 1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் சுதர்சனுக்கு ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தான். பதினோரு மணியிலிருந்து காளியைக் காணோமாம், குளம் குளமாகத் தேடுகிறார்களாம்.

அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்று விளங்கியது. வருவது நிழலோ நகலோ இல்லை, அசல். மனசு எங்கே போகிறதோ அங்கே இருப்பதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. கொண்டுவரத் தெரிந்த மனசுக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடத் தெரியவில்லை. காளி தொழிலாளர் கொட்டகைக்குப் பின்னால் கட்டப்பட்டது. கட்டடத்தின் வடக்குப் பக்கம், நீச்சல் குளத்துக்கென்று விட்டிருந்த காலி மண்ணில் தகரக் கூரை போட்டு டீ விற்ற தஸ்தகீர் பாய், மறுநாளே பாக்கெட் பால் வாங்குவதை நிறுத்தினார்.

அதன் பிறகு மூன்று வாரம் அந்தக் கட்டடத்தில் வந்திறங்காதது எதுவுமில்லை. ஏழாவது மாடியில் ஒரு பலாமரக் கிளை பழத்தோடு வந்தது. பதினொன்றாவது மாடியில் ஒரு தச்சனுக்குப் பக்கத்தில் செஞ்சி பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சு வந்தது, அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "வண்டி போயிருச்சா?" என்று கேட்டார். அவரைச் சாப்பிட வைத்து, பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். ஓர் எலக்ட்ரீஷியன் தலைக்கு மேல் ஒரு நீலப் புடவை ஈரத்தோடு வந்து விழுந்தது. அது அவன் மனைவியின் புடவை இல்லை. ஜன்னலுக்குத் திரை என்று சொல்லிப் பார்த்தான், யாரும் நம்பவில்லை, ஆனால் காய்ந்ததும் எல்லோரும் சேர்ந்து அதை ஒழுங்காக மடித்துக் கொடுத்தார்கள்.

கன்னியப்பன் கதை வேறு. ஒருநாள் மதியத்துக்கு முன்னால் ஆறாவது மாடியில் அவன் காலடியில் நெத்திலிக் குழம்பு கொதிக்கக் கொதிக்க சட்டியோடு வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி தவமணி கொட்டகையிலிருந்து கரண்டியும் கையுமாக ஆறு மாடி ஏறி வந்தாள்.

"அடுப்பு மேல இருந்த சட்டி எங்கய்யா? இன்னும் புளி கூட சரியா கொதிக்கல!"

"நான் எடுக்கல. தானா வந்துச்சு."

"தானா எப்படி வரும்? நீ என்னா நினைச்சே?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். தவமணி குழம்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கரண்டியை அவனிடம் நீட்டி உப்புப் பார்க்கச் சொன்னாள். இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, தன் குழம்பு மேலே போன செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். அன்றிலிருந்து கொட்டகைப் பெண்களுக்கு அமைதி போயிற்று. சாயங்காலமானால் வாசலில் நின்று, இன்று யாருக்கு என்ன வந்தது என்று டைட்டஸை மறித்து விசாரித்தார்கள். "பதினெட்டு வருசமா ஆக்கிப் போடறேன், என் வீட்டு ஊறுகா பாட்டில் கூட மேல போகலியே" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் மறுநாள் வேலையை விட்டுவிட்டு ஊறுகாயையே நினைத்துக்கொண்டிருந்தான், ஒன்றும் வரவில்லை. முயன்று நினைத்தால் வராது, தானாக நழுவினால்தான் வரும் என்பது அப்படித்தான் தெரிந்தது.

திட்ட மேலாளர் ரகோத்தமனுக்கு மட்டும் இது தெரியவில்லை. அவர் எந்த அதிசயத்தையும் வேலைத் திட்டத்தின் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடலாம் என்று யோசிப்பவர். ஒரு திங்கட்கிழமை நாற்பது பேரை வரிசையாக உட்காரவைத்து, "எல்லாரும் சிமெண்ட் மூட்டையை நினைங்க" என்றார். நாற்பது பேரும் கண்ணை மூடி நினைத்தார்கள். எல்லா ஹெல்மெட்டிலும் பச்சை எரிந்தது. மேலாளர் சொன்ன வேலையை அல்லவா செய்துகொண்டிருந்தார்கள், மனசு எப்படி அலையும்? ஒரு மணி நேரம் கழித்து ஒருவனுக்குச் சிவப்பு எரிந்தது. ரகோத்தமன் ஓடிப்போய்ப் பார்த்தார். ஒரு தலையணை வந்திருந்தது.

தொண்ணூற்றிரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் எதுவுமே வரவில்லை. அவள் பெயர் பச்சையம்மாள். செய்யாறு பக்கம், நாற்பத்து மூன்று வயது, இருபது வருடமாகச் சித்தாள் வேலை. அவள் ஹெல்மெட் காலையில் பச்சை, மதியம் பச்சை, மாலை பச்சை. "யக்கா, உனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா?" என்று கேலி செய்தார்கள். அவள் கலவைச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவாள். ஏழு வருடத்துக்கு முன்னால், போரூர் பக்கம் ஒரு வீட்டு வேலையில், மகளுக்கு வந்த வரனைப் பற்றி யோசித்தபடி கலவைச் சட்டியோடு நடந்தவள் முதல் மாடியிலிருந்து விழுந்திருந்தாள். மணிக்கட்டு வளைந்தே கூடியது. அன்றிலிருந்து வேலை நேரத்தில் மனசைக் கால் கட்டைவிரலுக்குள் வைத்துக் கட்டியிருந்தாள். எந்தப் பலகை எங்கே தாழும், எந்தக் குழாய் எந்தக் காற்றுக்கு முனகும் என்று அந்தக் கட்டைவிரலுக்குத் தெரியும்.

அந்த விரல்தான் முதலில் சொன்னது, வடக்குப் பக்கச் சாரம் சரியில்லை என்று.

பதினான்காவது மாடியின் வெளிச்சுவர்ப் பூச்சுக்காகக் கட்டிய சாரம் அது. ஜன்னல் சட்டங்களைச் சீக்கிரம் பொருத்தவேண்டும் என்று, சாரத்தைச் சுவரோடு பிணைத்திருந்த குழாய்களை ஒன்று விட்டு ஒன்று கழற்றியிருந்தார்கள், திரும்ப மாட்டவில்லை. பச்சையம்மாள் டைட்டஸிடம் சொன்னாள். அவர் ஏறிப் பார்த்தார், கையால் ஆட்டிப் பார்த்தார், வேகமாக இறங்கினார். அன்றே எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமும் எழுதிக் கொடுத்தார். அதற்குள் பச்சையம்மாளோடு அங்கே வேலை செய்த பன்னிரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, அவளைத் தவிர மற்ற பதினொரு பேர் ஹெல்மெட்டிலும் நாள் முழுக்கச் சிவப்பு எரிந்தது. ஆனால் அங்கே எருமையும் வரவில்லை, குழம்பும் வரவில்லை. பயந்தவன் மனசு எங்கும் போகாது, நிற்கிற பலகையிலேயே குந்திக்கொள்ளும். சிவப்பு எரிந்ததால் அவர்கள் கால் மணிக்கு ஒருதரம் இறங்க, இறங்கியவர்கள் ஏற, சுவர் பூசப்படாமலே நின்றது.

மூன்றாம் முறை எழுதிய காகிதத்தோடு டைட்டஸ் மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், அந்தச் சாரத்தைப் பிரிச்சுத் திரும்பக் கட்டணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"எட்டு நாள்."

"இருபதாம் தேதி கம்பெனி தலைவர் வந்து பாக்கறார். வடக்குப் பக்கம்தான் ரோட்டுல இருந்து தெரியற பக்கம்." ரகோத்தமன் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "பயத்துக்கும் சிவப்பு எரியறதுதான் பிரச்சினை. பயம் கவனக்குறைவு இல்லையே. வடக்குப் பக்கம் மட்டும் அந்தக் கணக்கை எடுத்துடச் சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து பச்சை எரியும்."

"சாரம் அப்படியேதான் இருக்கும் சார்."

"விளக்கு பச்சையா இருக்கும் இல்ல?"

டைட்டஸ் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். வேலையை விட்டுப் போய்விடலாமா என்று நினைத்தார். தான் போனால் அந்தக் காகிதத்தை நான்காம் முறை எழுத ஆளில்லை என்றும் நினைத்தார். அவரும் ஹெல்மெட் போட்டிருந்தார். அவர் மடியில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மரச்சீனிக் கிழங்கு, அந்த ஊர் மரவள்ளி, வந்து விழுந்தது. அதை அவர் படிவத்தில் எழுதவில்லை.

மறுநாள் பன்னிரண்டு பச்சை விளக்குகள் எரிய, பன்னிரண்டு பேர் நடுங்கிக்கொண்டே சுவர் பூசினார்கள். பச்சையம்மாள் பலகையில் கலவைச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்கு ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஆடிக் காற்றில் அது ஒன்றும் பெரிய காற்று இல்லை, பக்கத்துக் கொட்டகையில் காயப்போட்ட துணி கூட விழவில்லை. ஆனால் பச்சையம்மாளின் கட்டைவிரலுக்குக் கீழே பலகை சுவரை விட்டு ஒரு விரல்கடை விலகியது, பிறகு இன்னொரு விரல்கடை. ஜன்னல் வழியாக உள்ளே தாவ முடியாது, கண்ணாடிச் சட்டம் பொருத்தி உள்ளே தாழ் போட்டாயிற்று. குழாய்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம் மேற்குக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவளுக்குக் கிடைத்தது இரண்டு மூச்சு நேரம். அந்த இரண்டு மூச்சுக்குள் அவள் தலையில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: நினைக்கச் சொன்னால் வராது.

"யோவ்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "எவனும் கீழ தரைய நினைக்காதீங்க! சொல்லிட்டேன்! தரைய மட்டும் நினைக்காதீங்க!"

குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொல்லி யாராவது குடித்திருக்கிறார்களா? பன்னிரண்டு மனசும் பன்னிரண்டு பலகையை விட்டுக் குதித்து, பதினான்கு மாடி தூரத்தை ஒரு பாய்ச்சலில் இறங்கி, வடக்குப் பக்கத்து மண்ணைப் போய்க் கட்டிக்கொண்டன. ஒரு மனசு ஓர் எருமையைத்தான் தூக்கும், பன்னிரண்டு மனசு சேர்ந்தால் எதைத்தான் தூக்காது? சாரம் சாய்ந்தது, பலகைகள் கவிழ்ந்தன, பன்னிரண்டு பேரும் விழுந்தார்கள். ஒன்றரை அடி விழுந்தார்கள்.

தரை வந்திருந்தது. அறுபதடி நீளமும் நாற்பதடி அகலமுமாக, கோரைப் புல்லும், பழைய ஆணிகளும், எருக்கஞ்செடி இரண்டும், தூங்கிக்கொண்டிருந்த செவலை நாயும், தகரக் கூரையும், பெஞ்சும், பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த இரண்டு லாரி டிரைவர்களுமாக, பதினான்காவது மாடியின் சுவரோடு ஒட்டி நின்றது. தஸ்தகீர் பாய் டீயை ஆற்றுகிற கை மேலே போனபடியே நின்றிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கழன்ற குழாய்கள் எல்லாம் கீழே, தரை போன இடத்துப் பள்ளத்தில், இடி விழுந்த மாதிரி போய் விழுந்தன. அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் கீழே இருந்தவர்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள்.

புல்லில் குப்புற விழுந்த கொத்தனார் ஒருவர் மண்ணை வாரி முகத்தில் பூசிக்கொண்டு சிரித்தார், அப்புறம் அழுதார். பச்சையம்மாள் எழுந்து, ஒவ்வொருவராகத் தொட்டு, பதினொன்று வரை எண்ணினாள். பன்னிரண்டாவது ஆளைக் காணாமல் பதறி, மறுபடி எண்ணினாள்.

"உன்ன எண்ணுனியா யக்கா?" என்றான் ஒருவன்.

அவள் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "பாய், ஒரு டீ போடு" என்றாள்.

மேலாளர் ஓடிவந்து, உள்ளேயிருந்து ஜன்னலைத் திறந்து தலையை நீட்டி, முதலில் கேட்ட கேள்வி: "இதை எப்ப கீழ இறக்குவீங்க?"

தஸ்தகீர் பாய் அடுப்பைத் தூண்டிக்கொண்டே சொன்னார்: "என் கடை தரையிலதான் இருக்கு சார், ஒரு அடி நகரல. தரை எங்க இருக்குங்கறது உங்க பிரச்சினை."

நகர்த்த வழியில்லை என்று தெரிந்ததும் ரகோத்தமன் தேறிக்கொண்டார். அவருக்குத் தேறிக்கொள்வது சீக்கிரம் வரும். கீழே இருந்த பள்ளத்தில் இரண்டு மழைக்குத் தண்ணீர் நின்றது, தோண்டுகிற வேலை மிச்சம் என்று அதை நீச்சல் குளக் கணக்கில் சேர்த்தார். மேலே நின்ற மண்ணுக்கு 'வானத் தோட்டம்' என்று பெயர் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். படத்தில் நாய் மட்டும் எப்படி எடுத்தாலும் முதுகைக் காட்டியது.

டைட்டஸ் மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதி, மூன்று பழைய காகிதங்களின் நகலோடு, அரசாங்கப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு அனுப்பினார். ஆய்வாளர் திலகவதி ஐம்பது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். லிப்டை நம்பாமல் பதினான்கு மாடியும் நின்று நின்று ஏறி வந்தார். புல்லில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து பார்த்தார். சாரம் கழன்ற இடங்களைப் பார்த்தார். மூன்று காகிதங்களையும் படித்தார். பிறகு பச்சையம்மாளைப் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"தரையை நினைக்காதீங்கன்னு நீங்கதானே கத்துனீங்க? தெரிஞ்சுதான் கத்துனீங்களா?"

"மூணு புள்ள வளத்தவ மேடம்" என்றாள் பச்சையம்மாள். "செய்யுன்னு சொல்லி எதுனா நடந்திருக்கா?"

திலகவதி சிரித்ததில் டீ புரையேறியது. சிரித்து முடித்துவிட்டு ரகோத்தமனைக் கூப்பிட்டார். சாரம் முழுதும் பிரித்துக் கட்டும் வரை வேலை நிறுத்தம் என்றார். அவர் மேல் வழக்கு இருக்கிறது, அதை அவர் தனியாகச் சந்திக்கவேண்டும் என்றார். பட்டைகளையெல்லாம் ஹெல்மெட்டிலிருந்து கழற்றச் சொன்னார். இனி இங்கே எவருக்குப் பயமாக இருந்தாலும், உடம்பு முடியாவிட்டாலும், மேலே ஏறவேண்டியதில்லை, அதற்காக எவரையும் வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது என்று எழுதினார்.

"பட்டை இல்லாம அவங்களுக்குப் பயமா இருக்குன்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கறது?" என்று ரகோத்தமன் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

"வாயைத் திறந்து கேளுங்க" என்றார் திலகவதி.

பத்து நாள் கழித்து வேலை திரும்பத் தொடங்கியது. ரகோத்தமன் வேலையிலிருந்து போய்விட்டிருந்தார், அவர் இடத்தில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. காலை எட்டு மணிக்குப் படிக்கட்டின் கீழே டைட்டஸ் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்று, முதலில் வந்தவனிடம், "எப்படி இருக்கிய?" என்று கேட்டார். அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான், தன்னைத்தான் கேட்கிறார் என்று புரியவில்லை. "நல்லாருக்கேன் சார்" என்று ஓடினான். அடுத்த பத்துப் பேரும் நல்லாருந்தார்கள். பிறகு சுதர்சன் வந்து, காளிக்கு மூன்று நாளாக இருமல், அந்தக் கவலையில் தூக்கமில்லை என்றான். டைட்டஸ் எழுதிக்கொண்டு, இன்று கீழேயே கம்பி வெட்டும்படி சொன்னார். வரிசையில் அது காதுக்குக் காது போயிற்று. சொன்னால் எழுதிக்கொள்கிறாராம்! முன்னால் நல்லாருந்த பத்துப் பேரும் இறங்கிவந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஒருவனுக்குப் பல் வலி. ஒருவனுக்கு மாமியார். ஒருவனுக்கு எட்டாவது மாடிக்கு மேல் போனால் காது அடைக்கிறது, ஆறு வருடமாக அடைக்கிறது, இன்றுதான் சொல்கிறான். கன்னியப்பனுக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் குறையில்லை என்பதை விவரமாகச் சொல்ல அவனுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

பத்து மணிக்குப் பச்சையம்மாளின் முறை வந்தது. டைட்டஸின் குரல் அதற்குள் கட்டிப்போயிருந்தது.

"அக்கா, எப்படி இருக்கிய?"

"இடுப்பு கொஞ்சம் பிடிச்சிருக்கு. அது கிடக்கட்டும்." அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இரண்டு மாதமாக சார் என்று கூப்பிட்டவள், "நீ எப்படிப்பா இருக்கே தம்பி?" என்று கேட்டாள்.

டைட்டஸ் பேனாவின் மூடியைத் தேடினார், அது பேனாவிலேயே இருந்தது. பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு, படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அது வந்து அக்கா..." என்று சொல்லத் தொடங்கினார். வாசலில் மூன்று கான்கிரீட் வண்டிகள் உள்ளே வரமுடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வரிசையில் மீதியிருந்த அத்தனை பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாகக் கேட்கவேண்டுமென்று நெருங்கி வந்து நின்றார்கள்.